பத்தொன்பதாவது ஓவரின் மூன்றாம் பந்து

அருள்ராஜ் எதற்காக இன்றைக்கு எனக்குச் சீனி போடாத டீ வாங்கிக்கொண்டு வந்தான்? இந்த சீசனில் நான்கு மேட்ச் முடிந்துவிட்டது, இது ஐந்தாவது, கடைசி. நான்கிலும் மற்றவர்களுக்குக் கொடுத்த அதே பாகு மாதிரி டீயைத்தான் எனக்கும் நீட்டினான், நானும் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை அவன் பார்க்காதபோது வேப்பமரத்தடியில் ஊற்றினேன். எனக்குச் சீனி ஆகாது என்று இங்கே யாரிடமும் சொன்னதில்லை. அப்படியானால் நான் ஊற்றுவதை அவன் பார்த்திருக்கிறான். அதைப் பார்த்தவன் வேறு எதையெல்லாம் பார்த்திருப்பான். "யக்கா, ஒங்களுக்குத் தனியாப் போடச் சொன்னேன்" என்று பேப்பர் கப்பை மேசையில் வைத்தபோது அவன் கண் என் முகத்தில் இல்லை, நான் எழுதுகிற ஸ்கோர் புத்தகத்தில் இருந்தது. கோச் என்றால் புத்தகத்தைப் பார்க்கத்தான் செய்வான், பதினைந்து வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகள் அணிக்குக் கோச் என்றாலும் கோச்தானே, எத்தனை ஓவர் மிச்சம், எத்தனை ரன் வேண்டும் என்று பார்க்க வேண்டாமா. ஆனால் வியாழக்கிழமை அவன் பார்த்தது அப்படி இல்லை. வலைப்பயிற்சி முடிந்து பிள்ளைகள் குழாயடியில் நின்றபோது புத்தகத்தைக் கேட்டான். "எதுக்குப்பா?" என்றேன். "சும்மாதான்க்கா." வண்டி சீட்டின் மேல் விரித்துவைத்து ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்தான். நான் குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் திருப்புகிற கை ஓரிடத்தில் நின்றது. கோவில்பட்டி மேட்ச் பக்கமாக இருக்கலாம். காற்றில் தாள் புரண்டிருக்கும், அதைப் பிடிக்க நின்றிருப்பான். காற்று இருந்ததா அன்றைக்கு? கொடிக்கம்பத்தில் கயிறுகூட ஆடவில்லை. சும்மா என்று ஒருவன் சொன்னால் அது சும்மா இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் மேட்ச் முடிந்ததும் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்து, அணியில் அதிக ரன் எடுத்த ஒரு பிள்ளையின் பேரை அவன் மண்டல முகாமுக்கு எழுதி அனுப்ப வேண்டும். ஒரே ஒரு பேர். காலையில் நாங்கள் இந்தப் பாளையங்கோட்டை மைதானத்துக்கு வந்து இறங்கும்போது என் மகள் இவாஞ்சலின் நூற்று எழுபத்தொன்று, முப்புடாதி நூற்று அறுபத்தெட்டு. மற்ற பிள்ளைகள் யாரும் கிட்டத்தில் இல்லை. இரண்டு எண்ணும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

இவா ஆட்டமிழந்து பத்து நிமிடம் இருக்கும். இருபத்து நான்கு. அதையும் சேர்த்தால் நூற்றுத் தொண்ணூற்றைந்து, அவள் கணக்கு இந்த சீசனுக்கு அவ்வளவுதான், இனி ஏறாது. மிட்-ஆனில் நின்ற பிள்ளையின் கைக்கு நேராக, பூவைப் போடுகிற மாதிரி, மெதுவாகத் தூக்கிக் கொடுத்தாள். இவா அப்படி ஆடுகிறவள் இல்லை. பந்தைத் தரையோடு தரையாக அடிக்கிற பிள்ளை, வானத்தைப் பார்த்து அடிக்கவே தெரியாத பிள்ளை. வேண்டுமென்றே கொடுத்தாளோ. என்ன பேச்சு இது, பதினாலு வயதுப் பிள்ளை வேண்டுமென்றே தன் இடத்தைத் தூக்கிக் கொடுக்குமா. மேசையைக் கடந்துதான் போனாள், என்னைப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் ஆட்டமிழந்து வருகிற வழியிலேயே, எல்லைக்கோட்டைத் தாண்டுமுன், "எத்தனைம்மா?" என்று கேட்பாள். எத்தனை என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும். இப்போது இரண்டு மேட்சாக அந்தக் கேள்வி இல்லை. நான்தான் போனுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து, அவள் குளிக்கப் போகும்போது போனை எடுத்துப் பார்த்தேன். மட்டை பிடிப்பதைப் பற்றிய வீடியோக்கள் இருந்தன, ஒரு நாய்க்குட்டிப் படம் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. இல்லாததும் சந்தேகமாகத்தான் இருந்தது, அழித்துவிட்டிருப்பாளோ என்று. இவா அப்பா நாகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டர், நாள் முழுக்க ஆயிரம் முகத்தைப் பார்க்கிறவர், அவர் ஒருநாள் சொன்னார், "ஒனக்குக் கண்ணாடியில தெரியுதவ மேலயும் சந்தேகம் வரும்ட்டி ஜெபக்கனி." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"மேடம், பதினாறு ஓவர், எழுவதுக்கு மூணு. சரிதானா?" இது தாணு சார், நாகர்கோவில் அணியின் ஸ்கோரர், தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வோர் ஓவர் முடிந்ததும் இரண்டு புத்தகமும் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்டுச் சரிபார்க்க வேண்டும், அதுதான் வழக்கம், எல்லா ஊரிலும் அதைத் தலையாட்டியே முடித்துவிடுவார்கள், இவர் ஒருவர்தான் வாய்விட்டுக் கேட்கிறார். சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனா, மேசைமேல் மடித்த துண்டு, துண்டின்மேல் புத்தகம், வேர்வை பட்டுத் தாள் ஊறக் கூடாதாம். "சரிதான் சார்" என்றேன். "லெக் பை எத்தனை வச்சிருக்கிய?" என்றார். என் பேனா நின்றது. "ரெண்டு." "எனக்கும் ரெண்டுதான். கேக்கதுக்குக் காரணம் உண்டு, கேட்டியளா. இந்த லெக் பை இருக்குல்லா, அது ஒரு அநாதைப் பிள்ள. காலுல பட்டு ஓடுன ரன்னு, அடிச்சவ கணக்குலயும் சேராது, போட்டவ கணக்குலயும் சேராது. அதனால யாரும் அதத் தேடமாட்டாங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், வெற்றிலைக் காவி படிந்த பல். இதை எதற்கு என்னிடம் சொல்கிறார்? எல்லாரிடமும் சொல்வாராக இருக்கும். ரிட்டயரானவர்களுக்கு ஒரே பேச்சைப் பத்துப் பேரிடம் சொல்கிற பழக்கம் உண்டு. இருந்தாலும் இன்றைக்கு, என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சொல்லை. வெயில் தார்ப்பாய்க்குக் கீழே கால்வரை வந்துவிட்டது, செருப்பின் வார் பொசுக்குகிறது, நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். எல்லைக்கோட்டில் ஆட்டமிழந்த பிள்ளைகள் கத்துகிறார்கள், "ஏட்டி முப்பு, கண்ணத் தொறந்து அடிட்டி!" "அவ கண்ணத் தொறந்தா பந்து பயந்து ஓடிரும்ட்டி!" அந்தச் சிரிப்பில் இவாவின் குரல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். ஐந்து குரலில் அவள் குரலைப் பிரித்தெடுக்க எனக்குத் தெரியும். இல்லை. தனியாக எல்லைக் கயிற்றோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முப்புடாதி ஒரு பந்தைத் தடுத்தாள். மட்டை. மட்டையின் சத்தம் எனக்குத் தவறாது. இவாவுக்கு அந்தப் புது மட்டை வாங்கினபோது அடித்துப் பதமாக்கித் தர ஆளில்லை என்று நானே மொட்டைமாடியில் உட்கார்ந்து, எண்ணெய் தடவி, மரச்சுத்தியலால் ஒரு மாதம் தட்டினேன். தட்டத் தட்ட முதலில் வறட்டுச் சத்தம், பிறகு உள்ளேயிருந்து ஒரு கனத்த சத்தம், கிணற்றில் சின்னக் கல் விழுகிற மாதிரி. காலில் கட்டுகிற பேடில் பட்டால் தலையணையைத் தட்டுகிற சத்தம். இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன் என்பதுதான் என் வினை.

முப்புடாதியின் அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். எல்லா மேட்சுக்கும் வரமாட்டாள், இன்றைக்கு வந்திருக்கிறாள். மடியில் பீடித் தட்டு. இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூலைச் சுற்றி, ஒரு பீடி முடிகிறவரை தலை தூக்குவதில்லை. முடிந்ததும் ஒருமுறை மைதானத்தைப் பார்க்கிறாள், மகள் நிற்கிறாளா என்று மட்டும். நின்றால் அடுத்த இலை. போன ஓவரில் எழுந்து தண்ணீர் குடிக்க வந்தவள் மேசையண்டை நின்றாள். "யக்கா, எங்க முப்பு எம்புட்டு எடுத்திருக்கா?" "பதினொண்ணு." "நெறய இல்லியோ?" "இன்னும் ஆடுதால்லா." "எனக்கு ஒண்ணும் வெளங்காதுக்கா. ஓடுதா, நிக்கா, மறுபடி ஓடுதா. நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்." அந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னாள்? நான் கேட்டேனா, எழுதினது சரியா என்று? மகள் ஏதாவது சொல்லியிருப்பாளோ, சொல்லியிருந்து, நேரே கேட்க முடியாமல், இப்படிச் சுற்றி வந்து ஒரு முள்ளை வைத்துவிட்டுப் போகிறாளோ. முகத்தில் ஒன்றும் இல்லை. மூக்குத்தி, வேர்வை, புகையிலைத் தூள் ஒட்டிய நகம். ஒன்றும் இல்லாத முகத்தை நான் நம்பினதே இல்லை. தாணு சார் அவளைப் பார்த்துக் கும்பிட்டார், "ஒங்க பிள்ளையா? நல்லா நிக்கா. எங்க பிள்ளைகளுக்க பந்தெல்லாம் தேஞ்சு போச்சு." அவள் வெட்கப்பட்டு வாயை முந்தானையால் மூடிக்கொண்டு போய்விட்டாள். இருபது ஓவர், தொண்ணூற்று இரண்டுக்கு ஐந்து. சரிதானா, சரிதான். நாகர்கோவில் பிள்ளைகள் எடுத்தது நூற்றுப் பதினெட்டு, எங்களுக்கு நூற்றுப் பத்தொன்பது வேண்டும், ஐந்து ஓவர் இருக்கிறது. முப்புடாதி பதினாறு. நூற்று அறுபத்தெட்டும் பதினாறும் நூற்று எண்பத்து நான்கு. இவாவைத் தாண்ட இன்னும் பன்னிரண்டு. கை ஸ்கோர் எழுதிக்கொண்டே இருக்கிறது, மனசு தனியாகக் கூட்டிக்கொண்டே இருக்கிறது, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி.

அன்றைக்கும் அப்படித்தான், கை தனியாக, மனசு தனியாக. கோவில்பட்டி, மூன்றாவது மேட்ச். கரிசல் மண் வெடித்துக் கிடந்தது, நிழலே இல்லை, பக்கத்தில் எதிரணி ஸ்கோரர் என்று பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், முழு நேரமும் போனில், ஓவர் முடிந்ததும் என் புத்தகத்தைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்வான், என்ன எழுதினேன் என்று கேட்கக்கூட மாட்டான். பத்தொன்பதாவது ஓவர், மூன்றாம் பந்து. முப்புடாதி காலுக்கு வந்த பந்தைத் திருப்பிவிட்டாள், எல்லையைத் தொட்டது. நான்கு. அம்பயர் கையை ஆட்டி நான்கு என்று காட்டினார், முழங்காலைத் தொடவில்லை. லெக் பை என்றால் முழங்காலைத் தூக்கித் தட்டிக் காட்ட வேண்டும், அவர் தட்டவில்லை. நான் பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக என் கையைத் தூக்கினேன், அவர் திரும்பிக்கொண்டார். தூக்கின கை கீழே இறங்கியது. அது வரைக்கும் ஒன்றும் இல்லை. முப்புடாதி அப்போது இருபத்தேழு, இந்த நான்கும் சேர்ந்தால் முப்பத்தொன்று, சீசன் கணக்கில் இவாவை முந்துகிறாள். மனசு அதைக் கூட்டி முடித்த அந்த நொடியில் கை தலைகீழ் முக்கோணம் ஒன்றைப் போட்டு அதற்குள் நான்கு என்று எழுதியது. லெக் பை நான்கு. யாருக்கும் சேராத நான்கு. மட்டையில் பட்ட சத்தத்தை நான் கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல முடியுமா? இத்தனை நாளாகச் சொல்லிப் பார்க்கிறேன். அன்றைக்குக் காற்று இருந்தது, எல்லைக்கு அப்பால் லாரி போயிற்று, பேடில் உரசித்தான் போயிருக்கும், அம்பயர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன், நான்தான் சரியாக எழுதினேன். பாத்திரம் கழுவும்போது இது நிற்கும். படுக்கப் போகும்போது நிற்காது, அந்தச் சத்தம் வந்துவிடும், கிணற்றில் விழுந்த கல். முப்புடாதி வேர்வையோடு வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் கேட்டாள், "ஆன்ட்டி, நான் முப்பத்தாறா?" "முப்பத்திரெண்டு." "அப்படியா? எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்." "ஒரு நாலு லெக் பைம்மா." "காலுல பட்டுச்சா? தெரியலயே எனக்கு" என்று தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிள்ளை தன் காலைக் குனிந்து பார்த்தது. அதில் பட்ட தடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. "சரி ஆன்ட்டி" என்று போய்விட்டாள். அந்தப் பந்தின்போது மறுமுனையில் நின்றது யார் என்று நான் நினைக்கவே கூடாது என்று வைத்திருக்கிறேன். மறுமுனையில் நின்றது இவா. இருபத்திரண்டு கஜம், அதாவது அவ்வளவுகூட இல்லை, ரன்னுக்குக் கிளம்பிப் பாதி வந்துவிட்டாள். எனக்குக் கேட்டது அவளுக்குக் கேட்காதா. திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் கடைசி சீட்டில் முப்புடாதியோடு உட்கார்ந்து குசுகுசு என்று பேசிக்கொண்டு வந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது பேச்சு நின்றது. அதற்கப்புறம்தான் எத்தனை என்று கேட்பது நின்றது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

"கோவில்பட்டி மேட்ச் ஷீட்டு பாத்தேன்" என்கிறார் தாணு சார், இருபத்திரண்டாவது ஓவர் நடந்துகொண்டிருக்கும்போது, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க சார் பாத்திய?" "கிரிக்கெட் சங்கத்துல ஒட்டியிருந்தாங்க. எக்ஸ்ட்ராஸ் கூடுதலா இருந்துது." "அன்னைக்கு வைடு நெறைய." "ஆமா ஆமா, வைடு பத்தொம்போது. பிள்ளைகளுக்கு அந்த மண்ணு பழகல்ல போலிருக்கு." அவ்வளவுதான். அவர் வைடைப் பற்றித்தான் பேசினார். அல்லது வைடில் தொடங்கி நான் மீதியைச் சொல்வேனா என்று பார்த்தார். பேனாவை மாற்றிக்கொண்டார், சிவப்பிலிருந்து நீலம். விக்கெட் விழவில்லையே, எதற்குச் சிவப்பு கையில் இருந்தது? விழுமென்று எடுத்து வைத்திருப்பார். என் புத்தகத்தில் என் விரல்கள் வேர்த்து, அச்சுக்கோட்டின் மேல் ஈரம் பட்டு, ஒரு ஐந்து மங்கியது. எதிரில் அருள்ராஜ் எல்லைக்கோட்டில் நடந்துகொண்டே பிள்ளைகளிடம் என்னமோ சொல்கிறான், அவர்கள் திரும்பிக் கத்துகிறார்கள், "முப்பூ, இவாவ முந்த அஞ்சு ரன்னுதாண்டி!" ஆக எல்லாருக்கும் கணக்குத் தெரியும். அருள்ராஜ் சொல்லியிருக்கிறான். படம் எடுத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறான். அவனுக்கு முப்புடாதிதான் வேண்டும் என்பது எனக்கு முதல் மேட்சிலிருந்தே தெரியும், அவள் ஆடும்போது மட்டும் உட்காரமாட்டான். முப்புடாதி கத்துகிறவர்கள் பக்கம் திரும்பி நாக்கைத் துருத்திக் காட்டினாள். ஒரு ரன் ஓடினாள். இன்னொரு ரன். இருபத்து நான்காவது ஓவர், நூற்றுப் பதினாறுக்கு ஆறு. சரிதானா. சரிதான். அவள் இருபத்தைந்து. நூற்றுத் தொண்ணூற்று மூன்று. இவாவுக்கு இரண்டு குறைவு. ஜெயிக்க மூன்று ரன், அவளுக்கும் முகாமுக்குப் போக மூன்று ரன், ஒரே மூன்று. ஆனால் அந்த நான்கு அவளுடையதுதானே, அதைச் சேர்த்தால் அவள் எப்போதோ முந்திவிட்டாள். அடிம்மா, அடித்துவிடு என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். நீ அடித்துத் தாண்டிவிட்டால் நான் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். இவாவுக்குப் போனது போகட்டும், என் மானம் மிஞ்சும். இதை ஒரு தாய் நினைப்பாளா என்று உடனே தோன்றியது. தாய் அன்றைக்கு நினைத்தது மட்டும் என்ன.

கடைசி ஓவர். முதல் பந்து, ஒன்றும் இல்லை. இரண்டாவது பந்து காலுக்கு வந்தது, முப்புடாதி மட்டையைச் சுழற்றினாள், பந்து பின்னால் போய் எல்லையைத் தாண்டியது, எங்கள் பிள்ளைகள் கயிற்றைத் தாண்டிக்கொண்டு ஓடினார்கள். தலையணை. எனக்குத் தலையணைச் சத்தம் கேட்டது. அம்பயர் கையை ஆட்டி நான்கு என்று காட்டினார், முழங்காலைத் தொடவில்லை. தாணு சார் "நாலு, முடிஞ்சு போச்சு, பாராட்டுக்கள் மேடம்" என்று சொல்லிக்கொண்டே முப்புடாதியின் வரியில் நான்கை எழுதிவிட்டார். என் பேனா அவள் வரியின் மேல் நின்றது. எழுது. இருபத்தொன்பது. நூற்றுத் தொண்ணூற்றேழு. அவளிடமிருந்து எடுத்தது நான்கு, அவளுக்கு வருகிறது நான்கு, யாரோ மேலிருந்து பார்த்துக் கொடுத்த மாதிரி, ஒரு சொட்டுக் கூடுதல் குறைவில்லாமல். நான் பேனாவைத் தாளில் வைத்தேன், வைத்த நொடியில் முப்புடாதி, அவளைத் தூக்கப் போன பிள்ளைகளின் கையை விலக்கிக்கொண்டு, அம்பயரை நோக்கி நடந்தாள். அவரிடம் ஏதோ சொன்னாள். குனிந்து தன் இடது பேடைத் தொட்டுக் காட்டினாள். அருள்ராஜ் இங்கிருந்தே கத்தினான், "ஏய் முப்பு, ஒன்ன யாரு கேட்டா!" அம்பயர் அவள் தலையை ஒரு தட்டுத் தட்டினார். மேசைப் பக்கம் திரும்பி, முழங்காலைத் தூக்கி, அதைக் கையால் தட்டிக் காட்டினார். தாணு சார் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு எழுதினதை ஒற்றைக் கோட்டால் அடித்தார். அம்பயர் காலைத் தூக்கினபடியே நிற்கிறார், நான் கையைத் தூக்கவில்லை. என் கையைத் தூக்கினால் அந்த நான்கு போய்விடும், போனால் இவாதான் முகாமுக்கு, எல்லாம் நான் ஆசைப்பட்டபடியே நடந்துவிடும், அதுவும் அந்தப் பிள்ளை தன் கையாலேயே கொடுத்து. "மேடம், கையக் காட்டுங்க" என்றார் தாணு சார், "அந்த மனுசன் ஒத்தக்கால்ல நிக்காரு, அறுவது வயசு, விழுந்துருவாரு." கையைத் தூக்கினேன். தூக்கின கையை இறக்காமலே, "சார், கோவில்பட்டி மேட்ச்ல ஒரு நாலு அவளுக்கு வரணும்" என்றேன். "நான் லெக் பைன்னு எழுதிட்டேன். அது மட்டைல பட்டது." "தெரியாம எழுதிட்டியளா?" "தெரிஞ்சு" என்றேன். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, அவர் துண்டின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீலக் கரை. இப்போது சொன்னதுகூட அந்தப் பிள்ளை என்னை வெட்கப்படுத்திவிட்டாள் என்பதற்காகத்தானோ, அவள் பேடைத் தொட்டுக் காட்டாமல் இருந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேனோ. மாட்டேன்.

அருள்ராஜ் வந்துவிட்டான், தாணு சார் அவனிடம் சொல்லவில்லை, நானே சொன்னேன். "யக்கா, என்ன சொல்லுதிய?" என்றான். அவன் முகத்தில் நான் ஒரு மாதமாகத் தேடின அந்தச் சந்தோஷத்தைத் தேடினேன், இல்லை, பயந்துபோன முகம்தான் இருந்தது. "நான் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பிட்டேனே. சங்கத்துல எல்லா டீமையும் கேட்டிருந்தாவ. நான் எதையும் வாசிக்கக்கூட இல்லக்கா." "இப்ப திருத்தி அனுப்பு." "லெட்டர் வைக்கணும். காரணம் எழுதணும். இனி ஒங்கள ஸ்கோர் எழுத விடமாட்டாவ, தெரியும்லா?" "தெரியும்." தாணு சார் தன் நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். "அந்தப் பக்கத்த எடுங்க. ஒத்தக் கோடு, அடிச்சது வாசிக்க முடியணும், கிறுக்கப்படாது. பக்கத்துல தேதி, கையெழுத்து" என்று, தபாலாபீசில் மணியார்டர் படிவத்துக்குச் சொல்கிற குரலில் சொன்னார். அந்தக் குரலுக்காக அவர் காலில் விழலாம் போலிருந்தது. தலைகீழ் முக்கோணத்தின் மேல் கோடு போட்டேன். முப்புடாதி வரியில் நான்கை எழுதினேன். முப்பத்தாறு. கீழே கூட்டினேன், அவளுடைய இன்றைய இருபத்தைந்தையும் சேர்த்து, நூற்றுத் தொண்ணூற்றேழு. அருள்ராஜ் அதைப் பார்த்தான், பிறகு கயிற்றோரம் இருந்த இவாவைப் பார்த்தான், அவள் பக்கம் நடந்தான். அங்கே வேப்பமரத்தடியில் முப்புடாதி தன் அம்மாவின் தட்டிலிருந்து இலையைத் தள்ளிவிட்டு மடியில் தலைவைத்துப் படுத்துவிட்டாள், அவள் அம்மா "எந்தி சனியனே, தூளெல்லாம் கொட்டுது" என்று திட்டிக்கொண்டே விசிறுகிறாள். நாகர்கோவில் பிள்ளைகள் வேன் ஏறுகிறார்கள். தாணு சார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன் மேடம்" என்றார், போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காதது அவர் தயவு என்று இந்த ஒருமுறை நம்பிக்கொண்டேன். இவா வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அழுதிருக்கிறாள், மூக்கு சிவந்திருக்கிறது. "கோச் சொன்னாவ" என்றாள். நான் புத்தகத்தை மூடிப் பெஞ்சில் வைத்தேன். "நான் அன்னைக்கே பஸ்ல அவகிட்ட சொல்லிட்டேன். மட்டைல பட்டுச்சுட்டி, எங்கம்மா மாத்தி எழுதிட்டாங்கன்னு." "என்ன சொன்னா அவ?" "'வெயில்ல கண்ணு கூசியிருக்கும்ட்டி ஒங்கம்மைக்கு, விடு'ன்னா." இவா ஷூவின் நுனியால் மண்ணைக் கீறினாள். "அவ நம்புனா. நான்தான் நம்பல." எனக்கும் அவளுக்கும் நடுவில் புத்தகம் இருந்தது. இவா அதை எடுத்து மடியில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, கோவில்பட்டியைத் தேடினாள், நான் உண்மையிலேயே எழுதிவிட்டேனா என்று பார்க்க.